மிர்ச்சிக்குக் குளிரும்

"இந்த வீட்லயாவது வாயைத் தொறந்து நாலு வார்த்தை பேசுடா செல்வா. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

காரை ஓட்டிக்கொண்டிருந்த தமிழ்ச்செல்வன் "சரிம்மா" என்றான். அவனைப் பொறுத்தவரை அதுவே ஒரு சொற்பொழிவு.

வேதவல்லியின் கவலை நியாயமானது. இதுவரை மூன்று வீடுகளில் பெண் பார்த்தாகிவிட்டது. மூன்றிலும் பிள்ளையாண்டான் பஜ்ஜியைத் தின்றான், காபியைக் குடித்தான், தரையைப் பார்த்தான், எழுந்து வந்தான். "பையனுக்கு இஷ்டமில்லை போலிருக்கு" என்று இரண்டு வீட்டார் ஒதுங்கிக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டில் "பேச்சு வருமா?" என்றே கேட்டுவிட்டார்கள். ஹைதராபாத்தில் தமிழ்ப் பெண் அமைவதே பெரிய பாடு. இதையும் கோட்டை விட்டால் அடுத்து எங்கே போய்த் தேடுவது?

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் அந்த வீட்டு வாசலில் கார் நிறுத்த இடமில்லை. "நீ நிறுத்திட்டு வா. நான் முன்னாடி போறேன்" என்று வேதவல்லி இறங்கிக்கொண்டாள்.

இரண்டு தெரு சுற்றி ஓர் இடத்தைப் பிடித்துச் செல்வன் வந்து சேர்ந்தபோது, பெண்ணின் அப்பா அருணாசலம் வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்க தம்பி, வாங்க. இங்க பார்க்கிங்னாலே பரேஷான்தான், பெரிய தொல்லை." அவர் இங்கே குடியேறி முப்பது வருடம் ஆகிறது.

"இப்படி வந்து உட்காரு" என்று வேதவல்லி ஒரு நாற்காலியைக் காட்டினாள். அதற்கு எதிரே, மேசைமேல் சின்னதாக ஒரு மீன் தொட்டி. அதில் ஒற்றை ஃபைட்டர் மீன், சிவப்புப் பட்டு முந்தானை போல வாலை விரித்துக்கொண்டு நின்றது.

பெண் ரோகிணி காபி கொடுத்துவிட்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆபீஸ் கச்சிபௌலிதானே தம்பி?"

செல்வன் தலையாட்டினான்.

"இந்த ஊர் சாப்பாடு ஒத்துக்குதா? காரம் ஜாஸ்தியாச்சே."

அதற்கும் தலையாட்டல். எதற்கு ஆமாம், எதற்கு இல்லை என்று அருணாசலத்துக்கே புரியவில்லை. நாலாவது வீடும் போச்சு என்றே வேதவல்லி நினைத்தாள்.

திடீரென்று செல்வன் காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

"ஹீட்டர் லைட் எரியலை."

"என்ன தம்பி?"

"மீன் தொட்டி ஹீட்டருங்க. உள்ள இருக்கற தெர்மாமீட்டர்ல தண்ணி இருபத்தாறு டிகிரிக்கு வந்துடுச்சு. இந்த டிசம்பர் குளிர்ல இன்னும் இறங்கும். ஃபைட்டருக்குக் குறைஞ்சது இருபத்தேழு வேணும்."

சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டான்.

"டேய், வந்த இடத்துல என்னடா இது! உட்காரு!" என்று வேதவல்லி அதட்டினாள். அது அவன் காதில் விழவே இல்லை. மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தான்.

"பிளக் கழண்டு கிடக்கு. மாட்டட்டுமா?" நேராக ரோகிணியைப் பார்த்துக் கேட்டான்.

"மாட்டுங்க" என்றாள் அவள்.

ஹீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. சமையலறையிலிருந்து ரோகிணியின் அம்மா குரல் கொடுத்தாள். "காலையில சட்டைக்கு இஸ்திரி போடறேன்னு நீங்கதான் பிடுங்கியிருப்பீங்க!"

"நானா? ஹவ், ஆமா... இருக்கும், இருக்கும்" என்று அருணாசலம் பழியை ஏற்றுக்கொண்டார். குடும்பம் நடத்தத் தெரிந்தவர்.

"இவன் பேரு என்ன?" என்று செல்வன் கேட்டான்.

"மிர்ச்சி" என்றாள் ரோகிணி.

"தண்ணி மஞ்சீரா குழாய்த் தண்ணியா, போர்வெல்லா?"

"மஞ்சீராதான். பிடிச்சு ஒரு நாள் வச்சிருந்து, குளோரின் போனதும் ஊத்துவேன். வாரத்துக்குக் கால் பங்கு."

"கரெக்ட். மொத்தமா மாத்தினா தாங்க மாட்டான். புதுத் தண்ணியும் அதே சூட்டுல இருக்கணும்."

"விரலை விட்டுப் பார்த்துக்குவேன்."

"விரலை நம்பாதீங்க. தெர்மாமீட்டரை நம்புங்க."

ரோகிணி சிரித்துவிட்டாள். "நீங்களும் வளர்க்கறீங்களா?"

"மூணு. தனித்தனித் தொட்டி. ஒண்ணா விட்டா ஒருத்தனை ஒருத்தன் கிழிச்சிடுவான். தண்ணிக்கு நல்லதுன்னு பாதாம் இலை போடறீங்களா?"

"காலனி மரத்துலயே விழுது. கழுவிக் காயவச்சுப் போடறேன்."

அவ்வளவுதான். ஒரு தொட்டியின் முன்னால் இரண்டு தலைகள். பஜ்ஜி ஆறியது, காபியில் ஆடை படிந்தது, பேச்சு மட்டும் நிற்கவில்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. பேச்சு வருமா என்று கேட்டவர்களை இப்போது கூட்டிவந்து உட்கார வைக்க வேண்டும் போலிருந்தது வேதவல்லிக்கு.

கிளம்பும் நேரத்தில் ரோகிணி அவளை உள்ளறைக்கு அழைத்துப் போய்க் குங்குமச் சிமிழை நீட்டினாள். வேதவல்லியால் ஆவலை அடக்க முடியவில்லை.

"என் பையனைப் பிடிச்சிருக்காம்மா?"

"பிடிச்சிருக்கு அத்தை."

அந்த 'அத்தை'யில் வேதவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது.

ரோகிணி குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்ணு. இனிமே அவரைப் பேச வைக்கணும்னா என்கிட்ட சொல்லுங்க. மிர்ச்சியோட பிளக்கைப் பிடுங்காதீங்க, பாவம், அவனுக்குக் குளிரும்."

குங்குமம் தொட்ட விரல் நெற்றிக்குப் போகாமல் பாதியிலேயே நின்றது.

"நீ... பார்த்துட்டியா? அப்புறம் ஏம்மா உடனே மாட்டலை?"

"அவர் வந்து உட்கார்ந்ததும் பத்து நிமிஷம் டைம் கொடுத்தேன் அத்தை. கவனிக்கிற ஆளான்னு நானும் பார்க்கணுமில்ல?"