இரும்பு மாஸ்டரின் மகள்

"நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க டாக்டர். மத்ததை முகாம்ல பாத்துக்குவாங்க."

சொன்னவர் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர். எல்லோரும் இரும்பு மாஸ்டர் என்பார்கள். ஐம்பதை நெருங்கியும் வயிறு பலகை மாதிரி இருக்கும். எத்தனையோ பேருடைய தொப்பையைக் கரைத்த மனிதருக்குச் சொந்த மகளின் எடையைக் கரைக்க முடியவில்லை. அந்த எரிச்சலில், எட்டாவது படிக்கிற பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, மலைமேல் இருக்கும் எடைக்குறைப்பு முகாமில் ஒரு வருடம் விட்டுவிடுவது என்று ஒற்றைக்காலில் நின்றார். டாக்டர் சம்மதித்தால்தான் முகாமில் சேர்த்துக்கொள்வார்களாம்.

"வேணாம்னு சொல்லுங்க டாக்டர்," என்றாள் மனைவி. "புள்ளையை அங்க பட்டினி போட்டுடுவாங்க."

"பட்டினி இல்லடி, அளவுச் சாப்பாடு. நீ கொஞ்சிக் கொஞ்சித்தான் இவளை இப்படி ஆக்கி வச்சிருக்கே."

"நல்லா இருக்கே நியாயம்! நீங்க அளந்து வைக்கிறதைத்தானே நான் போடுறேன்?"

மகள் தலையைக் குனிந்தபடி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். தன் உடம்பைப் பற்றி மற்றவர்கள் சண்டை போடுவது அவளுக்குப் பழகிப்போன விஷயம்.

"கொஞ்சம் இருங்க," என்றார் டாக்டரம்மா. "சில பிள்ளைங்களுக்கு இது பிறவியிலேயே வர்றது. பெத்தவங்ககிட்டேருந்து மரபணுவுல வந்திருக்கலாம்."

மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். "யார்கிட்டேருந்து? என்னைப் பாருங்க. என் பொண்டாட்டியைப் பாருங்க, ஊதினா பறந்துடுவா. சாக்குப்போக்கு சொல்றதே எனக்குப் பிடிக்காது டாக்டர். மனசுல உறுதி வேணும், அவ்வளவுதான்."

டாக்டர் அவரை விட்டுவிட்டு மகளிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா. சாப்பிட்டு முடிச்சதும் எப்படி இருக்கும்?"

அவள் அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். "பசிக்கும்."

"எவ்வளவு நேரம் கழிச்சு?"

"கழிச்செல்லாம் இல்ல டாக்டர். கை கழுவும்போதே பசிக்கும். எவ்வளவு சாப்பிட்டாலும் அப்படித்தான்." அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "சத்தியமா பொய் சொல்லலப்பா."

மாஸ்டருக்குப் பாவமாக இருந்தது. என்ன இருந்தாலும் பெற்ற பிள்ளை. ஆனால் இப்போது இளகினால் காரியம் கெட்டுவிடும் என்று நினைத்தார். அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"பொய்னு யாரு சொன்னா கண்ணு? பசிக்கத்தான் செய்யும். அதைத் தாங்கிக்கணும். நான் தாங்கிக்கலையா?"

டாக்டர் நிமிர்ந்தார். "உங்களுக்கும் பசிக்குமா மாஸ்டர்?"

"இது என்ன கேள்வி டாக்டர்? கண்ணு முழிச்சா பசி. சாப்பிட்டு எழுந்தா பசி. படுத்தா பசி. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். எல்லாருக்கும் உள்ளதுதானே! எல்லாரும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாங்கிக்கறோம், இவளால மட்டும் முடியலைன்னா எப்படி?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். மகள் நகம் கடிப்பதை நிறுத்திவிட்டு அப்பாவையே பார்த்தாள்.

மனைவி மெல்ல மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாப்பிட்டா பசி போயிடும்ங்க. மத்தவங்க எல்லாருக்கும் போயிடும்."