சட்டம் வந்த வெள்ளிக்கிழமை

"இன்னைக்கே பேசணுமா, நெவில்? முதல்ல போய் மீன் வறுவல் வாங்கிட்டு வா. வெள்ளிக்கிழமை, கடையில கூட்டம் சேர்ந்துடும்."

"மீன் எங்கயும் நீந்திப் போயிடாது, பிரெண்டா. இன்னைக்கு யார் தடுத்தாலும் நான் பேசத்தான் போறேன்."

லிங்கன்ஷயரில் ஒரு சிறிய ரேடியோ சங்கத்துக்குத் தலைவர் நெவில். லாரிக்காரர்கள் பேசிக்கொள்ளும் சி.பி. ரேடியோ என்றால் அவருக்கு உயிர். அதில் 'சைடுபேண்ட்' என்று ஒரு முறை உண்டு. குரல் கடல் தாண்டிப் போகும். பிரிட்டனில் அதற்கு அனுமதி இல்லை. பலர் திருட்டுத்தனமாகப் பேசினார்கள். நெவில் தம் ரேடியோவில் அந்தப் பக்கம் குமிழைத் திருப்பியதே இல்லை. திருப்பிய நார்மனை, நண்பன் என்றும் பாராமல் சங்கத்தை விட்டு விரட்டினார். அனுமதி கேட்டு லண்டனுக்கு மனு மேல் மனு போட்டார். அந்த மனிதரோடு குடித்தனம் நடத்துவது மனைவி பிரெண்டாவுக்கு லேசுப்பட்ட காரியமல்ல.

இன்று அனுமதி வந்துவிட்டது. உரிமம்கூட எடுக்க வேண்டாம்.

"நீ கூப்பிட்டு யாரும் பதில் சொல்லலைன்னா? நார்மன் ஊர் பூரா சொல்லிச் சிரிப்பான்" என்றாள் பிரெண்டா.

"அதுக்குத்தான் பேசணும்கறேன். ஒழுங்கா இருந்தவன் ஏமாளி இல்லைன்னு அவனுக்குத் தெரியணும்."

"சரி, ஒரு பத்து நிமிஷம் வெளிய இரு. அறையைக் கூட்டிடறேன்."

"நகரு நீ!"

குமிழைத் திருப்பினார். ரேடியோவில் யாரும் சொந்தப் பெயர் சொல்வதில்லை; பட்டப்பெயர்தான்.

"லிங்கன்ஷயர்லேர்ந்து 'இரும்புக் கதவு' பேசறேன். யாருக்காவது கேக்குதா?"

வெறும் இரைச்சல். மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் இரைச்சல்தான்.

"விட்டுடுப்பா, போதும்" என்று பிரெண்டா அவர் தோளைப் பிடித்தாள்.

"மாட்டேன். பதில் வர்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்."

அப்போது இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது. இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து! நெவிலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இரும்புக் கதவா? வாங்க, வாங்க! சட்டம் வந்தாத்தான் வருவீங்கன்னு சொன்னாங்க, அதே மாதிரி வந்துட்டீங்களே!" என்று சிரித்தது குரல். "அது சரி, எங்க 'ராணித்தேனீ' எங்கே? நீங்க சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பினதும் வருஷக்கணக்கா எங்களோட அரட்டை அடிக்கிறவங்க... உங்க வீட்டம்மா!"