எட்டுப் பேர் குரல்

டெட்ராய்டில் எங்கள் தெரு சர்ச்சுக்கு யாரோ பழைய சாம்ப்ளர் கீபோர்டை, அதாவது பதிவு செய்த மனிதக் குரலைக் கட்டையில் வாசிக்கும் பெட்டியை, கொடுத்த அன்றே, யாருக்கோ ஆப்பு என்று நான் சொன்னேன். ஆப்பு வெர்லீனுக்கு விழுந்தது. வீட்டில் பேச ஆளில்லாதவள். வியாழக்கிழமைப் பாட்டு ஒத்திகைக்காகவே வாரத்தை ஓட்டுகிறவள்.

"சிஸ்டர், உங்க குரல் நடுங்குது. இனிமே பெஞ்சில உக்காந்து கேளுங்க," என்றார் பாடகர் குழுவை நடத்தும் கிளியோட்டஸ். "இந்தக் கட்டையை அமுக்கினா எட்டுப் பொம்பளைங்க பாடுறாங்க. லேட்டா வரமாட்டாங்க, வம்பு பேசமாட்டாங்க."

வம்பு என்றபோது ஏன் என்னைப் பார்த்தாரோ!

அமுக்கினார். 'ஆ...' என்று கூடமே நிறைந்தது. வெர்லீன் சிரித்துவிட்டாள்.

"என்ன சிரிப்பு, சிஸ்டர்?"

"ஆரம்பத்துல மூக்கை உறிஞ்சுற சத்தம் கேக்குதா? அன்னிக்கு எனக்கு ஜலதோஷம். இருபத்தாறு வயசு. இந்தக் கீபோர்டு கம்பெனிக்காரங்க கூப்பிட்டு என் குரலைப் பதிவு பண்ணாங்க."

கிளியோட்டஸ் விரலை எடுத்தார். "நீங்களா! அப்போ மிச்ச ஏழு பேர் யாரு?"

"யாருமில்லை, பிரதர். எட்டுத் தடவையும் நானே தனியா நின்னு பாடினேன். கூட நாலு பேர் நின்னு பாடணும்னுதான் இந்த சர்ச்சுக்கே வந்தேன்."