நெற்றிக்கு விழுந்த வோட்டு

“இன்னும் கொஞ்சம் தடிப்பாப் பூசுமன். தெருவில போறவனுக்கும் தெரியவேணும்.”

விக்னராஜா முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார். விமலாதேவி மூன்று விரலாலும் திருநீற்றைத் தொட்டு, கணவரின் நெற்றியில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை இழுத்துவிட்டாள். யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தாலும் பிள்ளையாரைக் கைவிடாதவள் அவள்.

அவரோ பிள்ளையாரைப் படிக்கிற காலத்திலேயே கைவிட்டவர். கடவுளும் இல்லை கத்தரிக்காயும் இல்லை என்று சொல்லித் தகப்பனிடம் நன்றாக வாங்கிக்கட்டியவர். கல்யாணத்தன்று ஐயர் பூசிய திருநீற்றைக்கூட மணவறையிலேயே லேஞ்சியால் துடைத்த ஆள்.

“நான் கெஞ்சேக்க ஒருநாளும் பூசேல்லை. இண்டைக்கு மட்டும் என்ன?”

“எனக்கென்ன ஆசையே? வேற வழியில்லை.”

வழியில்லைதான். அவர்கள் குடியேறிய வெள்ளைக்கார நாட்டில், லிட்கம் பகுதியில் நகரசபைத் தேர்தலுக்குக் கட்சி ஓர் ஆளை நிறுத்தப்போகிறது. ஆளைக் கிளைக் கூட்டத்தில் கைதூக்கித் தெரிவுசெய்வார்கள். போன முறையும் விக்னராஜா நின்றார். எந்தத் தெருவில் வெள்ளம் தேங்கும், எந்தத் தெருவுக்கு பஸ் வராது எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் ஒரு கிழவர் எழுந்து கேட்டது ஒரே கேள்வி: “நீ எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய்?”

“ஒரு சாமியையும் இல்லை” என்றார். கைதூக்கச் சொன்னார்கள். எழும்பியது இரண்டு கை, அதில் ஒன்று அவருடையது.

“அமெரிக்காவில சாமி இல்லையெண்டவனை அரசியல் வாசல்லயும் நிக்க விடமாட்டாங்கள் எண்டு பேப்பரில படிச்சுச் சிரிச்சனான். இஞ்சையும் அதே கூத்து! நிறம் பரவாயில்லையாம், என்ர இங்கிலீசும் பரவாயில்லையாம், சாமி மட்டும் வேணுமாம். கிளைத் தலைவர் கெவினே சொல்லுறான், ‘ஏதாவது ஒண்டைக் கும்பிடன்’ எண்டு.”

“அப்ப பிள்ளையாரே இருக்கட்டும்,” என்றாள் விமலாதேவி, திருநீற்றுப் பொட்டலத்தை மடித்தபடி. “அவர் ஒண்டும் கோவிக்க மாட்டார்.”

விக்னராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடியைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. பார்க்காமலே புறப்பட்டார்.

பெப்ரவரி வெயில் மாலையாகியும் தணியவில்லை. மண்டபத்துக்கு நடந்து போவதற்குள் வியர்த்து ஊற்றியது. லேஞ்சியால் ஒற்றி ஒற்றி, மூன்று குறியும் ஒன்றாய்க் கலந்து நெற்றி நடுவில் ஒரு சாம்பல் திட்டுத்தான் மிஞ்சியது.

உள்ளே பார்த்தால் முக்கால்வாசிப் பேரின் நெற்றியில் கரி. புதன்கிழமை, வேலைநாள். முகத்தைக்கூடக் கழுவாமல் வேலைத்தளத்திலிருந்து நேரே வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் நெற்றியைக் கண்டதும் கெவின் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டார். போன முறை கேள்வி கேட்ட அதே கிழவர் எழுந்து தன் கதிரையைக் கொடுத்தார். இந்த முறை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, வெள்ளம் தேங்கும் தெருவைப் பற்றிக்கூட. கைகள் எழும்பின. எண்ணுகிற வேலையே இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக் கழற்றி மூலையில் எறிந்தார்.

“தோத்திட்டியளோ?”

“வெண்டிட்டன். அதுதான் வயித்தெரிச்சல். தெருத்தெருவா அலைஞ்சதுக்கு ரெண்டு கை, ஒரு சிட்டிகை சாம்பலுக்கு மண்டபம் முழுக்கக் கை! எங்கட சைவத்துக்கு இந்த ஊரில இவ்வளவு மதிப்போ?”

“கெவின் என்ன சொன்னவர்?”

“‘கடைசியா எங்கட பக்கம் வந்திட்டாய்’ எண்டு கட்டிப்பிடிச்சான். ஞாயிறு காலமை உன்னையும் கூட்டிக்கொண்டு வரட்டாம். ஏதோ விருந்தாக்கும்.”

கோப்பை கழுவிக்கொண்டிருந்த விமலாதேவி தண்ணீரை நிறுத்தினாள்.

“அங்க மற்ற ஆக்களின்ர நெத்தியில என்ன இருந்தது?”

“கரி. வேலையால வந்தவங்கள்.”

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். சிரிப்பு அதையும் மீறிக்கொண்டு வந்தது.

“கரி இல்லையப்பா. இண்டைக்கு கிறிஸ்தவ வேதக்காரரின்ர விபூதிப் புதன். அவையின்ர கோயில்ல சுவாமியார் நெத்தியில சாம்பல் பூசிவிடுற நாள்.”

விக்னராஜாவின் கை தானாக நெற்றிக்குப் போனது.

“அப்ப... ஞாயிறு?”

“பூசை. முழங்காலில நிக்கப் பழகுங்கோ.”