பாலம் வந்தால் சொல்லணும்

“கிளம்பியாச்சுப்பா! வீட்டுக்குத்தான் போறோம்!” அப்பாவின் காதருகே குனிந்து சொன்னாள் பி-யுன்.

கிம்-சுவான் கண் திறக்கவில்லை. மகள் பெயர், மகன் பெயர் எல்லாவற்றையும் மறதி நோய் என்றோ துடைத்துவிட்டது. மிஞ்சியது ஒரே சொல்தான். “வீடு... வீடு...” இன்று பொழுது தாண்டாது என்று டாக்டரும் கை விரித்துவிட்டார்.

கடைசி மூச்சு சொந்த வீட்டில்தான் பிரிய வேண்டும், இல்லாவிட்டால் உயிர் வழி தெரியாமல் அலையும் என்பது கீலுங் நகரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

“அக்கா, மூச்சு இழுக்குது. நடக்குமா இது?” தம்பி ஜுங்-வேய் கிசுகிசுத்தான்.

“நடக்கும். நீ பேச்சுக் கொடுத்துட்டே வா. பாலம் வந்தா சொல்லணும், திருப்பம் வந்தா சொல்லணும். அப்பத்தான் உயிர் கூடவே வரும்.”

கட்டில் லேசாகக் குலுங்கியது.

“அப்பா, மீன் சந்தை தாண்டுறோம். ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு நண்டு வாங்கிட்டு வந்து, ‘காலை எண்ணிப் பிரிச்சுக்குங்கடா’ன்னு எங்களைச் சண்டைக்கு விடுவீங்களே!” என்றான் ஜுங்-வேய். “இனி நேராப் போனா ரயில்வே கேட்...”

கிழவரின் உதடு அசைந்தது. “மடப்பயலே! நேராப் போனா ஒருவழிப் பாதை. ரைட்ல ஒடி!”

இருவரும் வெலவெலத்துப் போனார்கள். காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டிய மனிதர். அவரிடம் வழியைத் தப்பாகச் சொல்லிவிட்டுத் தப்ப முடியுமா?

“ஒடிச்சாச்சுப்பா, ஒடிச்சாச்சு!”

“பிரேக்கை என்னமா மிதிக்கிறான்... கூடையோட பொம்பளைங்க நிக்கிறாங்கல்ல?”

ஜுங்-வேய் சிரித்தான். சிரிக்கும்போதே அழுதுவிட்டான். அப்பா இத்தனை வார்த்தை பேசி எத்தனை காலமாயிற்று!

கிழவரின் இமைகள் துடித்தன. பி-யுன் பதறிப்போய் உள்ளங்கையால் அவற்றை மூடினாள். “கண்ணைத் திறக்காதீங்கப்பா, சாரல் அடிக்குது. இதோ, கால்வாய்ப் பாலம். ஏறுறோம்! அம்மா இங்கதான் சோத்து டப்பாவோட நிப்பாங்க. நீங்க பஸ்ஸை நிறுத்தி வாங்குவீங்க, உள்ள இருக்கிறவங்கெல்லாம் ‘ஓ’ன்னு கத்துவாங்க!”

“கறிச்சோறு,” என்றார் கிழவர். பி-யுன்னின் உள்ளங்கை நனைந்தது.

இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் தாங்குங்கப்பா என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

“பாலம் இறங்கியாச்சுப்பா,” என்றான் ஜுங்-வேய். “செருப்புக்கடைச் சந்து வந்திருச்சு. பச்சைக் கதவு தெரியுது. அப்பா, வீடு! நம்ம வீடு!”

குலுக்கல் நின்றது. கிம்-சுவான் நீளமாக மூச்சு விட்டார்.

“இன்ஜினை அணைச்சிடு,” என்றார். அடுத்த மூச்சு வரவில்லை.

அந்தச் சந்தும் பச்சைக் கதவும் புதுச் சாலைக்காக இடிபட்டுப் பல வருடங்களாகின்றன. இவ்வளவு நேரமும் கட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்த நர்ஸ், ஆஸ்பத்திரியின் ஐந்தாவது மாடியில் ஓரடிகூட நகராத அந்தக் கட்டிலிலிருந்து கையை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.