மூன்றாம் நபருக்குச் சம்மதமில்லை

"கல்நெஞ்சக்காரன்மா அவன்" என்று சொல்லி, இசக்கிமுருகன் சார் அந்தக் கடிதத்தைச் சுந்தரேஸ்வரி பக்கம் திருப்பி வைத்தார். "நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். மசிய மாட்டேங்குதான்."

கடிதம் நாலே வரி. என் நியமனம் தொடர்பான மதிப்பெண்களை வேறு எவருக்கும் தருவதில் எனக்குச் சம்மதமில்லை, இப்படிக்கு மூன்றாம் நபர். பெயர் இருந்த இடத்தில் கறுப்பு மையைப் பட்டையாகப் பூசியிருந்தார்கள்.

கோவில்பட்டிக்கு வெளியே, பருத்திக்காட்டுக்கு நடுவில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அவள் வருவது இது ஆறாவது தடவை. போன ஜனவரியில் உதவிப் பதிவாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஒரே ஒரு இடம். எழுத்துத் தேர்வு முடிந்து பலகையில் ஒட்டிய பட்டியலில் அவளுடைய எண்தான் முதலில் இருந்தது.

அப்புறம் நேர்காணல். மூன்று நிமிஷம். ஒருத்தர் பக்கோடா தின்றுகொண்டே வீட்டுக்காரர் என்ன பண்ணுகிறார் என்று கேட்டார், இன்னொருத்தர் கண்ணையே திறக்கவில்லை. அந்தப் பெரிய மனிதர்கள் போட்ட மார்க்கில் வேறு யாரோ அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள். யார், பல்கலைக்கழகத்தின் எந்த ஊர் மையத்தில் வேலைக்குச் சேர்ந்தார் என்பதைப் பலகையில் ஒட்டக்கூட இவர்களுக்கு மனசு வரவில்லை.

தகவல் உரிமைச் சட்டம் வந்துதான் இரண்டு வருஷம் ஆகிறதே, கேட்டால் கோப்பைக் காட்டித்தானே ஆக வேண்டும் என்று மனுப் போட்டாள். அந்த மார்க் பட்டியல் மட்டும் கைக்கு வந்தால் போதும், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று மதுரை வக்கீல் சொல்லியிருந்தார். வருகிற ஜூனோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. அதற்குப் பிறகு இந்த மாதிரி வேலைக்கு மனுக்கூடப் போட முடியாது.

முதல் மாதம், கோப்பைக் கரையான் அரித்துவிட்டது என்றார்கள். இரண்டாம் மாதம், கரையான் இல்லை, தணிக்கைக்குப் போயிருக்கிறது என்றார்கள். மூன்றாம் மாதம் கோப்பு வந்துவிட்டதாம். ஆனால் அதில் இன்னொருத்தருடைய சொந்த விவரம் இருக்கிறதாம், சட்டப்படி அந்த மூன்றாம் நபருக்கு எழுதிக் கேட்க வேண்டுமாம். இதற்கெல்லாம் சம்பளம் வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் இசக்கிமுருகன் ஒருத்தர்தான் மனிதராகத் தெரிந்தார். இந்த மனுக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய பொதுத் தகவல் அலுவலர் அவர். உட்காரச் சொல்வார், ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைப்பார். அந்த நன்றிக்குப் பசுவந்தனையிலிருந்து அவளுடைய அப்பா இரண்டு படி உளுந்து கொடுத்தனுப்பினார். அதை வாங்கி மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்ட சார், அடுத்த தடவை பாசிப்பயறு கிடைக்குமா என்று கேட்டார். இன்றைக்கு அதையும் கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

மேல்முறையீடு செய்தால் என்ன என்று கேட்டாள். தாராளமாகச் செய்யலாம், முடிய ஒரு வருஷம் ஆகும் என்றார். ஜூன் மாதக் கணக்கை அவள் சொன்னதும் உச்சுக் கொட்டினார்.

"மனுசனா இருந்தா சரின்னு சொல்லியிருப்பான். என்னம்மா செய்ய?" என்று, தான் எழுதிய கடிதத்தின் நகலையும் வந்த பதிலின் நகலையும் சேர்த்து அவளிடம் நீட்டினார்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். வராந்தாவில் நின்று இரண்டு காகிதத்தையும் பார்த்தாள். இரண்டிலும் பெயர் மேல் அதே கறுப்பு மை. கடிதம் எழுதிய தேதி நவம்பர் பதினாலு. பதில் வந்து சேர்ந்ததாக முத்திரை விழுந்ததும் நவம்பர் பதினாலு.

ஒரு மேஜையிலிருந்து பக்கத்து மேஜைக்குக் காகிதம் போக ஒரு மாதம் ஆகிற இடம் இது. இங்கே அன்றைக்கே பதில் வந்திருக்கிறது என்றால், அந்த ஆள் வெளியூரில் இல்லை. இதே கட்டடத்தில்தான் எங்கேயோ உட்கார்ந்திருக்க வேண்டும்.

நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. கேட்டும் மசியவில்லை என்றால் காலில்கூட விழலாம். தன்னுடைய வேலையைத் தட்டிப் பறித்தவன் காலில் விழத் துணிந்துவிட்டோமே என்று நினைத்தபோது, அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் ஜூன் மாதம் கண் முன்னால் நின்றது.

சாரின் அறை வாசலில் ஸ்டூல் போட்டு பியூன் தவசி உட்கார்ந்திருந்தார். அந்த அறையின் தபாலையெல்லாம் நோட்டில் கையெழுத்து வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் அவர்தான்.

"அண்ணாச்சி, பதினாலாந்தேதி ஒரு கடுதாசி கொண்டு போனீயள்லா, உதவிப் பதிவாளர் வேலைக்கு எடுத்த ஆளுக்கு. அத எந்த ரூம்ல குடுத்தீய? நானே போயி அவியள்ட்ட கேட்டுக்கிடுதேன்."

தவசி நோட்டைப் புரட்டவில்லை. அவள் சாத்திவிட்டு வந்த கதவை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த வேலைக்கு வந்ததே இந்த சாருதானம்மா. அவியளே எழுதுனாவ, அவியளே வாங்கிக்கிட்டாவ."