பரண் மேல் ஃபர்னஸ்

குழாயில் சுற்றியிருந்த சூட்டுப் பட்டையைத் தொட்டுப் பார்த்தார் ஒரெஸ்ட். இளஞ்சூடாக, சமர்த்தாக வேலை செய்துகொண்டிருந்தது. அதுதான் அவருக்குப் புரியவில்லை.

பட்டை சுடுகிறது, குழாய்க்குள் ஐஸ் அடைத்துக் கிடக்கிறது. இருபத்தாறு வருஷமாக, பனி உறையும் யார்க்டன் வட்டாரத்தில், வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் மாட்டுகிறவர் அவர். இப்படியொரு கூத்தைப் பார்த்ததில்லை.

ஃபர்னஸைக் கராஜின் பரணில் வைக்கச் சொன்னது இந்த வீட்டுக்காரி லெஸ்யாவின் புருஷன் தாராஸ். பனி உருகும் மாதத்தில் வீட்டின் அடித்தளத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும், வேறு இடமில்லை. எரிய எரிய ஃபர்னஸ் சொட்டும் தண்ணீர் இந்தக் குழாய் வழியாக இறங்க வேண்டும். உறைந்தால் ஃபர்னஸ் தானாக நின்றுவிடும். அதற்காகத்தான் சூட்டுப் பட்டை. பரணில் பிளக் இல்லாததால் பட்டையின் வயரைக் கீழே இறக்கி, கராஜ் சுவரில் இருந்த ஒரே பிளக்கில் செருகியிருந்தார்.

"என்னண்ணே, கண்டுபிடிச்சீங்களா?"

ஏணியடியில் லெஸ்யா நின்றாள். கோட்டுக்குள் குழந்தை. எட்டாம் மாதத்திலேயே பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பதினோரு நாள்தான் ஆகிறது.

"பார்த்துக்கிட்டே இருக்கேம்மா."

"இது மூணாவது தடவை. நீங்க இருக்கிற வரைக்கும் நல்லா ஓடுது. நீங்க போன மறுநாள் விடியறதுக்குள்ள நின்னுடுது. இன்னிக்குக் காலையில பிள்ளையோட கை நீலமாயிடுச்சு. அவர் வண்டியை எடுத்துக்கிட்டு வடக்கே சுரங்க வேலைக்குப் போயிட்டாரு. நான் யார்கிட்ட போய் நிப்பேன்?"

ஒரெஸ்ட் மறுபடி குழாயைத் தட்டிப் பார்த்தார். இன்று வந்து இறங்கியபோதும் அவள் முதலில் கேட்டது, "வண்டியைச் செருகிட்டீங்களாண்ணே?" என்றுதான். மைனஸ் முப்பத்தாறில் எஞ்சினுக்குக் கரண்ட் சூடு கொடுக்காமல் விட்டால் வண்டி திரும்பிப் போகாது. எவ்வளவு கோபமிருந்தாலும் இந்த ஊரில் அதைக் கேட்காமல் விடமாட்டார்கள். வண்டியின் வயரைப் பட்டையின் வயருக்குப் பக்கத்துத் துளையில் செருகிவிட்டு, "ஆச்சும்மா" என்றார். அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டு வந்துதான் சண்டையைத் தொடங்கினாள்.

"நீங்க யாராவது மேல ஏறிக் கை வெச்சீங்களா?"

"ஆமாண்ணே, வேற வேலை இல்ல பாருங்க. பச்சை உடம்பை வெச்சுக்கிட்டு ஏணி ஏறி விளையாடறேன்."

அவருக்கே வெட்கமாகப் போயிற்று. போன தடவை பட்டையையே புதிதாக மாற்றினார். அதற்கு முந்தின தடவை குழாயின் சரிவைச் சரிசெய்தார். இனி என்ன மிச்சம்? தொழில் மறந்துவிட்டதா என்று முதல் முறையாகப் பயம் வந்தது.

ஒரு மணி நேரத்தில் ஐஸ் இளகிக் கடகடவென்று தண்ணீர் இறங்கியது. குழாய்க்கு மேல் இன்னும் இரண்டு சுற்று கம்பளி உறை போட்டு, பட்டையை மறுபடி தொட்டுப் பார்த்தார். நல்ல சூடு. ஃபர்னஸ் பற்றிக்கொண்டது, வீட்டுக்குள் வெதுவெதுப்பு பரவியது. இறங்கி வந்து குழந்தையின் கையைத் தொட்டார். சிவந்திருந்தது.

லெஸ்யாவின் கோபமும் கொஞ்சம் இறங்கியது. கசகசா ரொட்டியில் பாதியைப் பேப்பரில் சுற்றி அவர் கையில் திணித்தாள்.

"சத்தியமா சொல்லுங்கண்ணே. இன்னிக்கு ராத்திரி நிக்காதுல்ல?"

"நிக்காதும்மா. நின்னா என் லைசென்ஸை நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

கராஜுக்குள் போய்த் தன் வண்டியின் வயரை மட்டும் உருவிச் சுற்றிக்கொண்டார். பட்டையின் வயர் கெட்டியாக இருக்கிறதா என்று ஒரு முறை அழுத்தியும் பார்த்தார். வண்டி முதல் திருகிலேயே கிளம்பியது.

அடுப்பங்கரை வாசலில் நின்று லெஸ்யா கையசைத்தாள். இன்னொரு கை உள்சுவரில் இருந்தது.

"வண்டியை எடுத்துட்டீங்கல்ல அண்ணே, கராஜ் பிளக் ஸ்விட்சை எப்பவும் போல அணைச்சிடறேன்."